தேயிலைக் கடைப் பலகையும் எட்டுத் தங்க எழுத்துகளும்

செவ்வாய்க்கிழமை, 1927 ஜனவரி 18. காலை ஆறரை மணி.

கடல் பழுப்பானதும் டெக்கில் கிடந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "ஆறு வந்துட்டு!" என்று ஒரே கூச்சல். சென்னையில் கப்பலேறி நாலாவது நாள். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் காலை மடக்கிக் கிடந்து எனக்கு முட்டி கழன்றுவிட்டது. பதினான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு நிம்மதியாய்ப் படுக்க இடம் தராதவர்களை வழி நெடுக வைதுகொண்டே வந்தேன். ரங்கூன் ஆற்றுக்குள் கப்பல் திரும்பியதும் வலப்பக்கம் சிரியத்து எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள் தெரிந்தன. தூரத்தில் ஷ்வேடகோன் பகோடாவின் தங்க முடி. வசவு வாயிலேயே நின்றுவிட்டது.

நான் பாளையங்கோட்டைக்காரி, அன்னம்மாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்திச்சி. ஊர் பார்க்க வரவில்லை. ஆளைப் பிடித்துப் போக வந்தேன். என் தம்பி தேவசகாயம் மூன்று வருஷமாய் இங்கே கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிறான். "எழுதிக் கிழிச்சது போதும், காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா" என்பது அம்மையின் உத்தரவு. ஊரில் ஓர் அச்சாபீஸில் அவனுக்கு இடம் சொல்லி வைத்தாயிற்று. ஈஸ்டருக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். நான் ஒரு காரியத்துக்குக் கிளம்பினால் முடிக்காமல் திரும்புகிறவள் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும்.

காலை பத்து மணி.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, கண்ணைப் பிதுக்கிப் பார்த்து வெளியே விட்டார். போட்டாதாங் பக்கத்துத் துறையில் மூட்டை தூக்குகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே "எக்கா!" என்று ஒரு குரல். தம்பிதான். கைலி கட்டியிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. விரல் நகமெல்லாம் தங்கத்தூள்.

"எக்கா, இளைச்சுட்டியே!"

"நானா இளைச்சேன்? உன்னைக் கண்ணாடியில பாருலே முதல்ல."

ஸ்ட்ராண்டு ரோட்டிலிருந்து நான் தங்க வேண்டிய பபேடானுக்கு ஒன்றரை மைல் இருக்கும். ரிக்‌ஷாக்காரன் தெலுங்கன், ஆறணா கேட்டான், நாலணாவுக்கு இறங்கி வந்தான். வண்டியில் உட்கார்ந்ததுமே தம்பி ஆரம்பித்துவிட்டான். மேஸ்திரியை விட்டுப் பிரிந்து இரண்டு மாதம் ஆகிறதாம். இனி சொந்த வேலைதானாம். லாத்தா பக்கத்துச் சீனத் தெருவில் தேயிலைக் கடைக்காரர் ஒருவர் தம் கடைப் பலகையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாராம். சீனப் புதுவருஷம் பிப்ரவரி இரண்டாம் தேதி. அதற்கு முந்தின நாள் பலகை ஏறிவிட வேண்டும்.

"இது நல்லா அமைஞ்சா அந்தத் தெரு முழுக்க என் கைக்கு வந்துரும். ஊருக்கு வாரதப் பத்தி அப்புறம் பேசுவோம்க்கா."

"பேச என்னலே இருக்கு? அடுத்த மாசம் எட்டாம் தேதிக் கப்பல். ரெண்டு பேரும் போறோம்."

அவன் நகத்தில் ஒட்டியிருந்த தங்கத்தூளைச் சுரண்டினான். ரிக்‌ஷாக்காரன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

நான் தங்கியது ரூத் அம்மாள் வீட்டு மாடியில். அவர் வீட்டுக்காரர் ரெயில்வேயில் குமாஸ்தா, ஊர்ப்பக்கத்துக் குடும்பம்தான். ஆனால் இருபது வருஷ ரங்கூன் அந்த அம்மாளின் வாயில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாக்கியம் தமிழில் தொடங்கி பர்மியத்தில் முடியும். காலையில் இட்லி எதிர்பார்த்து உட்கார்ந்தால் மீன் குழம்பு ஊற்றிய சேமியா வருகிறது. "மொஹிங்கா, சாப்பிடுங்க டீச்சர், ஒடம்புக்கு நல்லது" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது கிண்ணம் நானே கேட்டு வாங்கினேன்.

புதன்கிழமை, 19. காலை எட்டு மணி.

சீனத் தெருவுக்குத் தம்பியோடு நடந்தே போனேன். சூலே பகோடாவிலிருந்து மேற்கே முக்கால் மைலுக்கும் மேல். புதுவருஷம் நெருங்குவதால் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நிலையின் இரண்டு பக்கமும் ஒட்ட நீளநீளமாய்ச் சிவப்புக் காகிதம், அதில் கறுப்பு எழுத்து. நடைபாதையில் மேசை போட்டு உட்கார்ந்து அதை எழுதி விற்பதையே தொழிலாய்ச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் தினம் காலையில் கரும்பலகையில் ஒரு நல்ல வாக்கியம் எழுதி விட்டுத்தான் பாடம் தொடங்குவேன். இங்கே ஒரு தெருவே நல்ல வாக்கியமாய் நிற்பதைப் பார்த்ததும் கால் நகர மறுத்தது.

"இது என்னலே சொல்லுது?"

"உழைப்பு, திறமை, முன்னேத்தம்... இந்த மூணுதாங்க்கா எல்லாத்துலயும்."

"சரியா சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நான் வடிவத்தப் பாத்து எழுதுதவன்."

கடை கடையாய்க் கேட்டேன். செருப்புக் கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் காட்டினார். வாத்துக் கருவாடு விற்கிற அம்மாள் என் சேலைத் துணியைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாள். கடைசியில், காகிதம் எழுதுகிற ஒரு கிழவர் இந்துஸ்தானி தெரிந்தவர், நாலைந்து வாக்கியங்களுக்கு அர்த்தம் சொன்னார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி தமிழில் சொன்னதும் சப்பென்று போய்விட்டன. பாடுபடு, பலன் வரும் என்கிற சங்கதிதான். நம் ஊரில் இதைச் சொல்லாத வாத்தியார் யார்? இதற்கா இவ்வளவு சிவப்புக் காகிதம் என்று நினைத்தேன்.

தேயிலைக் கடையின் பின்கட்டில் இரண்டு முக்காலி மேல் பலகை கிடந்தது. ஏழடி நீளத் தேக்கு. கறுப்பு வார்னிஷ் அடித்த பரப்பில் எட்டு எழுத்துகள், மரத்திலேயே செதுக்கித் தூக்கி நிறுத்தியவை. தம்பி அவற்றின் மேல் தங்கரேக்கு ஒட்டிக்கொண்டிருந்தான். மூச்சுப் பட்டால் ரேக்கு பறந்துவிடும் என்று மூக்கில் துணி கட்டியிருந்தான். அவன் வேலை செய்வதை நான் அதற்குமுன் கவனித்துப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் அதை அவனிடம் சொல்வேனா?

"எழுத்தெல்லாம் வெடிச்சு, கீறிக் கிடந்துச்சுக்கா. கரையான் தின்ன மாதிரி. ஒவ்வொரு கீறலா மக்கு வச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, நிறச்சுட்டேன். பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

உண்மைதான். கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை, 22. காலை பத்து மணி.

கடைக்காரர் பெயர் ஆ செங். நாற்பது வயதிருக்கும். அப்பா சீனர், அம்மா பர்மாக்காரி. பிறந்தது இந்தக் கடையின் மாடியில். பேச்சு பர்மியம்; ஆண் பெயருக்கு முன் 'கோ', பெண் பெயருக்கு முன் 'மா' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார். அவர் பேசியதைத் தம்பி சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டுதான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இரண்டு ஆட்கள் பலகையைக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெயில் பட்டு எழுத்துகள் கண்ணைப் பறித்தன. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான், முகமெல்லாம் பூரிப்பு.

ஆ செங் கிட்டே வந்தார். முதல் எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். இரண்டாவது எழுத்து. மூன்றாவது. எட்டாவது வரை போய்விட்டுத் திரும்பி முதலுக்கே வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கோ சகாயா, கோடெல்லாம் எங்கே?"

"எந்தக் கோடு?"

"தூரிகை காய்ஞ்ச கோடு. எங்கப்பா எழுதும்போது மை காய்ஞ்சு விழுந்த கோடு. எங்கே?"

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நடைபாதையில் காகிதம் எழுதுகிற கிழவரின் கையில் பார்த்ததுதான். சீனத் தூரிகை வேகமாய் இழுபடும்போது மை வற்றி, இழை இழையாய் இடைவெளி விழும். எழுதினவர் கை எவ்வளவு வேகமாய்ப் போயிற்று, எங்கே அழுந்திற்று என்பதெல்லாம் அந்த இழைகளில்தான் இருக்கிறது. அதை மறுபடி தொட்டு நிரப்புவது அவர்களுக்குப் பெரிய குற்றமாம். பலகை செதுக்கினவன் அந்த இழைகளையும் விடாமல் செதுக்கியிருக்கிறான். நம் பக்கத்துப் பலகைக்காரனுக்கோ எழுத்து நிறைந்திருக்க வேண்டும்; இடைவெளி விட்டால் மேஸ்திரி முதுகில் வைப்பார். சோம்பேறியாய் இருந்திருந்தால் தம்பி தப்பித்திருப்பான். ஒரு கீறல் விடாமல் பாடுபட்டு, அந்த அப்பாவின் கையை முழுக்கத் துடைத்து வைத்துவிட்டான்!

ஆ செங் கத்தவில்லை. பலகையைப் பின்கட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார். பலகை இல்லாமல் புதுவருஷத்துக்குப் பிறகு கடை திறக்க மாட்டேன் என்று அண்டைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பலகை ஏறாத கடையில் அந்த வருஷம் முழுக்க எதுவும் ஏறாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அன்று மாலை ரூத் அம்மாள் வீட்டு மாடிப்படியில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"எக்கா, கப்பலுக்கு என் பேரையும் சொல்லிரு. ஊருக்கே வந்துருதேன். அச்சாபீஸு போதும்."

நான் வந்த காரியம் தானாய் மடியில் வந்து விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இப்படியாலே வருவே? அடி வாங்குன நாய் மாதிரி வாலைச் சுருட்டிக்கிட்டு? அவுக அப்பா கையெழுத்தை அழிச்சுட்டு, கப்பலேறி ஓடுவியோ?"

"நீதானேக்கா கூட்டிட்டுப் போக வந்தே?"

"வந்தேன். இப்ப மாட்டேன். அந்தப் பலகையை எடுத்தபடி வச்சுட்டு, மூஞ்சியை நிமித்திக்கிட்டு வாரதுன்னா வா. இல்ல இங்கயே கெட."

ரூத் அம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, 24. காலை.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். காகிதம் எழுதுகிற கிழவரிடம் பழைய எட்டு எழுத்துகளையும் வரைந்து காட்டிப் புதிதாய் எழுதி வாங்கினான். கிழவருக்குக் கை தண்ணீர் போல ஓடிற்று. எட்டும் அழகு, எனக்கே தெரிந்தது. "பழைய பலகை எழுத்தா?" என்று கிழவர் சிரித்தார். "அது மூட்டை தூக்குகிறவன் கை. ரொம்ப மோசம்." அர்த்தத்தையும் சொன்னார். தெருவில் பாதிக் கடைகளில் இருப்பதுதானாம்.

காகிதத்தைக் கொண்டுபோய் விரித்ததும் ஆ செங் முதல் தடவையாகக் கோபப்பட்டார்.

"இது நல்ல கை. எனக்கு எதுக்கு நல்ல கை? எங்கப்பா மாதிரி எழுதச் சொல்லு!"

அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது இது. அப்பா வந்த புதிதில் துறையில் அரிசி மூட்டை சுமந்தவர். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. கடை வைத்த பிறகு யாரோ ஒருவரிடம் இந்த எட்டு எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டார். கடை திறக்குமுன் தினமும் தரையில் தண்ணீரைத் தொட்டு எழுதுவார், காய்ந்ததும் மறுபடி எழுதுவார். வருஷக்கணக்கில் அப்படிச் செய்து, பிறகுதான் மையைத் தொட்டார். ஒன்பதாவது எழுத்து ஒன்றும் அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரல் வைப்பார்.

"சரி, அந்த எட்டும் என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க" என்று கேட்டேன். கிழவர் சொன்னதோடு ஒத்துப்பார்க்கும் வாத்திச்சிக் குணம். ஆ செங் கடைக்குள் யாரும் இல்லையே என்று ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, மா அன்னா. பர்மியந்தான் படிப்பேன். இந்த விஷயம் தெருவில யாருக்கும் தெரியாது, சொல்லிராதீங்க."

பாவி மனிதர்! படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளில் ஓர் இழை குறைந்ததற்கு முகம் வெளுத்து நின்றாரே! சிறுபிள்ளையாய் இருக்கையில் தேயிலை மூட்டை மேல் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். எந்த எழுத்தில் எந்த இடத்தில் எத்தனை இழை என்று கண்ணை மூடிக்கொண்டு காற்றில் போட்டுக் காட்டினார்.

தம்பி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்ப் பலகையைத் திருப்பினான்.

"மக்கு வச்சு ஒரு வாரந்தான் ஆச்சு. அதுல கலந்த ஆளி எண்ணெய் இன்னும் உள்ள காயல. தோண்டிரலாம். ஆனா மேல முழுக்க மக்கை இழுவிட்டேன், எங்க தோண்டணும்னு எனக்குத் தெரியாது. இவர் பக்கத்துல இருந்து சொல்லணும்."

செவ்வாய், 25 முதல் அடுத்த திங்கள் வரை.

ரங்கூன் போனாயே, அதைப் பார்த்தாயா, இதைப் பார்த்தாயா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கியாக்தான் ஆற்று நடுவே தீவில் இருக்கும் பகோடாவுக்கு ரூத் அம்மாள் படகு பேசி வைத்திருந்தார், நான் போகவில்லை. அரச ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு தேயிலைக் கடையின் பின்கட்டு. நன்றாகப் பார்த்தேன்.

தம்பியின் உளி அந்த இழைகளுக்குத் தடித்தது. என் பையில் லேஸ் பின்னும் கொக்கி ஊசிகள் நாலு இருந்தன. எங்கள் பக்கத்தில் மிஷன் பெண்கள் கையில் அது இல்லாமல் இருக்காது. மெல்லியதை அவன் எடுத்துக்கொண்டான், அடுத்ததை நான் எடுத்துக்கொண்டேன். ஆ செங் முக்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார். "இங்கே மூணு. நடுவில் உள்ளது நீளம். இல்லை, இன்னும் கீழே." ரேக்கைச் சுரண்டி, மக்கைக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தேக்கு பிய்ந்துவிடும். முதல் எழுத்து முடியவே ஒரு நாள் ஆயிற்று. கழுத்து திரும்ப மறுத்தது. விரல் நுனி கன்றிவிட்டது. யாராவது வாடிக்கைக்காரர் வந்தால் ஆ செங் எழுந்து ஓடி, நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வருவார். தேநீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சர்க்கரை கேட்டதற்கு அந்த வீட்டம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி ஊசியைக் கீழே வைத்தான்.

"எக்கா, முடியாது. இன்னும் நாலு கெடக்கு."

"வைக்காதலே. எடு."

"கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நடுக்கம் நிக்கிற வரைக்கும் இரு, பொறவு எடு. நான் என்ன, சும்மாவா இருக்கேன்?"

அவன் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். எடுத்தான். அதற்குப்பிறகு அவன் ஒருதரமும் முடியாது என்று சொல்லவில்லை. ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு அங்கிருந்து நேரே பலகைக்குத்தான் வந்தோம். ஓய்வுநாளில் வேலை செய்ததற்கு ஆண்டவரிடம் நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் மறுபடி ரேக்கு ஒட்டி, இழைகளைக் கறுப்பாய் விட்டு முடித்தான்.

செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 1. காலை ஒன்பது மணி.

பலகையை வெயிலில் நிறுத்தினார்கள். கூட்டம் முன்னைவிட அதிகம், செய்தி பரவியிருந்தது. ஆ செங் முன்போலவே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆறாவது எழுத்தில் நின்றுவிட்டார்.

"கோ சகாயா, இங்கே ரெண்டுதான். நீ மூணு போட்டிருக்கே."

தம்பி குனிந்து பார்த்தான். தோண்டின வேகத்தில், மக்கு இல்லாத இடத்திலும் ஓர் இழையைத் தோண்டியிருந்தான்! கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆ செங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓர் இழையை மட்டும் மக்கு வைத்து அடைத்து, ரேக்கு ஒட்டி, காய விட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் பலகை ஏறிற்று. சரவெடி வெடித்ததில் என் காது ஒரு மணி நேரம் கேட்கவில்லை.

ஆ செங் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். காகிதக் கிழவர் பலகையைப் பார்த்து, "அதே மோசமான கை" என்றார். தம்பிக்கு அதைவிட வேறு சர்டிபிகேட் வேண்டியிருக்கவில்லை.

எட்டு எழுத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். தெருவில் பாதிக் கடைகளில் தொங்குகிற, எந்த வாத்தியாரும் சொல்கிற புத்திமதிதான். அதைப் படிக்கத் தெரியாத மூன்று பேர் ஒரு வாரம் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தோம். இனி கரும்பலகையில் அப்படி ஒன்றை எழுதுகிற காலையில் என் கைக்குக் கொஞ்சம் கூச்சம் வரும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, 8. காலை ஏழு மணி.

புதுவருஷ அடைப்பு முடிந்து தெரு திறந்ததுமே பக்கத்து மருந்துக் கடைக்காரர் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்குப் பலகை இரண்டு; தெருக்கோடிச் சங்க மண்டபத்துக்கு ஒன்று. கப்பல் துறைக்கு அவன் வருவானோ மாட்டானோ என்று மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்தான். கையில் கறுப்பு வார்னிஷ். ஒரு டின் தேயிலையை என் மடியில் வைத்தான். ஆ செங் கொடுத்ததாம்.

"அம்மைட்ட என்னக்கா சொல்லுவே?"

"அது என் பாடு. நீ வேளாவேளைக்குத் தின்னு."

"வார்னிஷ் காயுததுக்குள்ள அடுத்த பூச்சு பூசணும்க்கா. நான் போவட்டா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அக்காக்காரி கடல் தாண்டிப் போகிறாள், கப்பல் நகருகிற வரைக்கும் நிற்க மாட்டானா? "போலே, போ" என்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான். டெக்கில் ஏறிப் பார்த்தபோது ஸ்ட்ராண்டு ரோட்டில் அவன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டிராமுக்கு ஓடுவது தெரிந்தது. ஒருதரம்கூடத் திரும்பவில்லை. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த தஞ்சாவூர் அம்மாள் என்னையும் பார்த்தாள், அவன் போன திக்கையும் பார்த்தாள்.

"தம்பியா? கப்பல் கிளம்புற வரைக்கும் கூட நிக்கலியே, இப்படியும் ஒரு பிள்ளையா?"

"அவனுக்கு வேலை இருக்கு" என்றேன். அவள் காதில் விழவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.